எம்.பி. கடிதம் இருந்தால்தான் அஸ்வெசுமவா?

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அஸ்வெசும என்ற அரசு நிவாரணக் கொடுப்பனவின் பெயர்ப் பட்டியலைப் பிரதேச செயலகம் முதலில் எம்.பி.மாருக்கு அனுப்புமாம், அவர்கள் 'சரி' என்றால்தான் காசு வருமாம். இது பொய்.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசுமவை நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். அதில் சிபாரிசுக் கடிதத்துக்குப் புள்ளி கிடையாது.

புரளி ஏன் இப்படி எடுபடுகிறது என்பது புரிகிறது. தோட்டத்தில் லயத்து (வரிசை வீட்டு)க் கூரைத் தகரத்துக்கே தலைவரைப் பிடித்துப் பழகிய சனம் நாம். எம்.பி. உங்களுக்காகக் கடிதம் எழுதலாம், 'இந்த மேன்முறையீடு என்னாச்சு' என்று கேட்கலாம். அதில் தப்பில்லை. அலுவலகமும் பதில் எழுதும். ஆனால் அது விசாரிப்பு, அனுமதி இல்லை.

பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யுங்கள். ஒரே லயக் காம்பராவில் (அறையில்) இரண்டு குடும்பம் இருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். விலாசம் ஒன்றுதான் என்பதால் குழப்பம் வரும். கொடுத்த தாளின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் விண்ணப்பத்தின் நிலையை நீங்களே கேட்கலாம். கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.