பெட்டியில் ‘இன்டர்நேஷனல் வாரண்டி’ என்று போட்டிருந்தால் போதும் என்று நினைத்தோம்

திருப்பூரில் ஆறு பேர் வேலை செய்கிற சின்ன பனியன் ஏற்றுமதி ஆபீஸ் எங்களுடையது. போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மெர்ச்சண்டைசரின், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களின் ஆர்டரைக் கவனிப்பவரின், லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. இரண்டு பையர்களின் காஸ்டிங் ஷீட், அளவு சார்ட், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான். பேக்கப் பாதிதான் இருந்தது, அது எங்கள் தவறு, அதைத் தனியாகப் பேசலாம்.

அந்த லேப்டாப் மச்சான் துபாயிலிருந்து ஊருக்கு வரும்போது வாங்கி வந்தது. பிசினஸ் மாடல், மூன்று வருட வாரண்டி, வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியிலேயே இன்டர்நேஷனல் என்று இருந்ததால் தைரியமாகக் கோவைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சர்வீஸ் சென்டர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். “சார், இது துபாய் மெஷினுங்க. சிஸ்டத்துல யுஏஇன்னு காட்டுது. இந்தியாவுக்கு மாத்துனாத்தான் கம்ப்ளைன்ட் போட முடியுங்க.” மாற்றுவதற்கு பில் கேட்டார்கள். பில் மச்சான் பெயரில், லேப்டாப்போ கம்பெனி பெயரில் ஓடுகிறது. மச்சானிடம் ஒரு கடிதம், பில் நகல், பாஸ்போர்ட் நகல், அப்புறம் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல். அதற்கே 19 நாள். அதன்பிறகுதான் தெரிந்தது, அதே மாடல் இந்தியாவில் விற்கவில்லை, மதர்போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று. மொத்தம் 47 நாள். ரிப்பேர் நடந்ததென்னவோ ஒரே ஒரு மத்தியானம்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே இல்லை, அவன் கையில் இருந்ததை அவன் செய்தான். அந்த வார்த்தையை அச்சடித்து விற்கிறவர்கள் மேல்தான் கோபம். இன்டர்நேஷனல் வாரண்டி இருந்தால் வேறு நாட்டிலும் ரிப்பேர் கேட்கலாம், அவ்வளவுதான். எத்தனை நாளில், யார் வந்து, எந்த பார்ட் வைத்து என்பதெல்லாம் சர்வீஸ் லெவல் என்கிற வேறொரு வரியில் இருக்கிறது, அதை நாம் யாரும் படிப்பதில்லை. கேரி-இன் என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நெக்ஸ்ட் பிசினஸ் டே ஆன்சைட் என்றால் பழுது இன்னதென்று போனில் முடிவான பிறகு அடுத்த வேலை நாளில் இன்ஜினியர் ஆபீசுக்கே வரவேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆன்சைட் போட்டு வாங்கினாலும் இங்கே அதே சேவை கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அந்தந்த நாட்டில் இருப்பதைப் பொறுத்தது என்று விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள். மூன்று வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

வெளிநாட்டில் வாங்கியே ஆகவேண்டும் என்றால் லெனோவோ திங்க்பேட், டெல் ப்ரோ (முன்பு லேட்டிட்யூட்), எச்பி எலைட்புக் மாதிரி பல நாட்டில் ஒரே வரிசையாக விற்கும் பிசினஸ் மாடலாகப் பாருங்கள், அதிலும் இந்தியாவில் விற்கும் அதே மாடல் எண்தானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நாங்கள் சறுக்கியது அங்கேதான். பில்லைக் கம்பெனி பெயரிலேயே போடச் சொல்லுங்கள். சீரியல் நம்பரை, டெல் என்றால் சர்வீஸ் டேக்கை, அந்தந்த பிராண்டின் தளத்தில் போட்டால் எதுவரை வாரண்டி என்று வந்துவிடும், சில பிராண்டில் எந்த நாட்டு மெஷின் என்றும் காட்டும்.

துபாயில் வாங்கியதில் மிச்சம் ஒன்பதாயிரம் ரூபாய் என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டோம். இங்கே ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியிருந்தால் அந்த 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்திருக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னபோதுதான் உறைத்தது. கணக்குப் பார்த்தால் இங்கே வாங்குவதே மலிவு.

இதைவிட என்னை உறுத்துவது, எங்கே போய் முறையிடுவது என்பது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு, வீட்டிலிருந்து தனியாக டிசைனிங் செய்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் நாங்களும் நுகர்வோர்தான் என்றே வாதாட வேண்டியிருக்கும். நூறு லேப்டாப் வாங்கும் பெரிய மில்லுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, போன் எடுத்துப் பேச ஆள் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நாங்கள்தான். இந்த நாட்டில் இத்தனை நாளுக்குள் சரிசெய்து தருவோம் என்று பெட்டியிலேயே எண்ணாகப் போடட்டும். போட முடியாவிட்டால் இன்டர்நேஷனல் என்ற வார்த்தையை எடுத்துவிடட்டும்.

அடுத்த மாதம் இன்னும் இரண்டு லேப்டாப் வாங்குகிறோம், கோவை டீலரிடம்தான். ஆன்சைட் திருப்பூர் வரைக்கும் உண்டா, பையரைப் பார்க்க ஜெர்மனி போன இடத்தில் பழுதானால் அங்கே யார் பார்ப்பார்கள், ஃபைல்கள் இருக்கும் டிரைவ் கெட்டுப்போய்விட்டால் பழையதை நாங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது, வாரண்டியில் மாற்றினால் பழைய டிரைவைப் பொதுவாக லேப்டாப் கம்பெனி எடுத்துக்கொள்ளும், எங்கள் பையர் விலையெல்லாம் அதில் இருக்கும், நாமே வைத்துக்கொள்ளத் தனியாகப் பணம் கட்டவேண்டும். டீலர் போனில் “எல்லாம் உண்டுங்க சார்” என்றார். எழுதி அனுப்புங்கள், அப்புறம் பணம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.