அழுத பிள்ளையைப் படம் பிடித்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தொடக்கநிலை ஐந்து படிக்கும் என் மகன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படம் பார்த்து, அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் சாகும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதான். அதை யாரோ கைப்பேசியில் எடுத்து, சிரிக்கும் முகங்களோடு அறுபது பேர் பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். "கார்ட்டூனுக்கு ஒப்பாரியா" என்று பெரியப்பா எழுதினார். நான் பதில் எழுதியதும், விளையாட்டுக்குத்தானே, எதற்கு இவ்வளவு கோபம் என்று நான்கு பேர்.

பிள்ளை அழுவது யாருக்கும் விளையாட்டு இல்லை.

"அவர்தான் அடுத்த படத்தில் திரும்ப வருகிறாரே" என்கிறார்கள். வருவது டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர், டாக்டர் டூம் என்ற வில்லன் வேடத்தில். 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழா மேடையில் அவர் முகமூடியைக் கழற்றியதை என் மகன் எத்தனை முறை பார்த்தானோ. டோனி ஸ்டார்க் வேறு, டூம் வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். எல்லாம் தெரிந்துதான் அழுதான்.

காமிக்ஸில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை என்பதும் சரிதான், மறுக்கவில்லை. எக்ஸ்-மென் கதையின் ஜீன் கிரே 1980இல் செத்து 1986இல் வந்தாள். கேப்டன் அமெரிக்கா 2007இல் சுடப்பட்டு, இரண்டே வருஷத்தில் வந்துவிட்டார். 1988இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் வாக்கு கேட்டார்கள், சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், வேண்டாம் என்றவர்கள் 5,271 பேர், அந்த 72 வாக்கில் ஒரு பையனின் கதையை முடித்து, 2005இல் அவனையும் எழுப்பிக் கொண்டுவந்தார்கள். சாவை விற்றது அவர்கள். அதற்குப் படித்தவன் அழுத அழுகை எப்படிப் பொய்யாகும்?

என் தம்பிக்கு அப்போது பத்து வயது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்த இதழ் வந்தது, கறுப்பு உறையில், உள்ளே கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டை. புத்தகக் கடைகள் இருக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், சேர்த்துவைத்த காசில் வாங்கினான். பக்கத்துக்கு ஒரே ஒரு படம். கடைசியில் காதலி லோயிஸ் அவரை மடியில் வைத்து அழுகிறாள். அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை.

அடுத்த பிப்ரவரியில் பாட்டி புற்றுநோயில் போய்விட்டார். புளோக் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தபோது தம்பி அந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். துக்கத்துக்கு என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கி, "சூப்பர்மேன் செத்ததுக்கு இங்க வந்து துக்கமா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவரும் இதே பெரியப்பாதான். மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் வழியெல்லாம் தம்பி வாயே திறக்கவில்லை. அந்த வருஷமே சூப்பர்மேன் திரும்பி வந்தார். அந்த இதழைத் தம்பி வாங்கவே இல்லை.

பின்னாளில் அவன் தேடிப்பிடித்து வாங்கியது 'கேப்டன் மார்வெலின் மரணம்' என்ற காமிக்ஸ், 1982இல் வந்தது (படத்தில் வந்த பெண் இல்லை, அந்தப் பெயரில் முதலில் இருந்தவர்). அவரை எந்த வில்லனும் கொல்லவில்லை. புற்றுநோய். அத்தனை வீரர்களும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைப் படித்தபோதுதான் பாட்டிக்காக அழுதேன் என்று தம்பி சொன்னான், பதினைந்து வருஷம் கழித்து. இதற்குப் பெயர் கார்ட்டூன் ஒப்பாரியா?

ஆண்பிள்ளை அழுதால் கோழையாகிவிடுவான் என்று அத்தை எழுதியதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஆண்கள் அழாமல் இருந்து என்ன ஆனார்கள் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நேற்று மகன் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்தான். தம்பி நேற்றிரவே குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

பெரியப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் காணொளியை எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்றைக்கே.