எட்டுச் சாண் அலமாரி

(கூடத்தில் சுவரோரமாக இரு முனைகளிலும் செங்கல் அடுக்கு, அவற்றின் குறுக்கே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பலகைகள். மேல்பலகை நடுவில் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது.)

அக்கா: புத்தக அலமாரி செய்துவிட்டேன் என்று சொல்லித்தானே என்னை வரவழைத்தாய்? இது தொட்டில்போல அல்லவா இருக்கிறது!

தம்பி: அது தொய்வு இல்லை, அக்கா. புத்தகங்கள் இரு பக்கமும் சரிந்து விழாமல் தாமாகவே நடுவில் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக நானே திட்டமிட்டு அமைத்த வளைவு அது.

அக்கா: எப்போது திட்டமிட்டாய்?

தம்பி: வளைந்த பிறகு. ஆனால் செங்கல்லுக்கும் பலகைக்கும் கொடுத்ததைத் தவிர, ஆணி, பசை, தச்சர் கூலி என்று நான் எதற்கும் செலவு செய்யவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அக்கா: கவனித்தேன். வீட்டிலேயே கனமான பேரகராதித் தொகுதிகளை மேல்பலகையின் நட்டநடுவில் வைத்திருப்பதையும் கவனித்தேன்.

தம்பி: பெரியவர்களைச் சபை நடுவில்தானே அமர்த்த வேண்டும்?

அக்கா: இந்தச் சபையில் பெரியவர்களுக்குத் தரையோரம்தான் இடம். கனம் கீழே இருந்தால்தான், பூச்சு இல்லாமல் வெறுமனே அடுக்கிய இந்தக் கற்கள் ஆடாமல் நிற்கும். அது கிடக்கட்டும்; நடுப்பலகை ஏன் மற்றவற்றைவிட ஒரு கையகலம் குட்டையாக இருக்கிறது? அதன் முனை செங்கல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதே.

தம்பி: வீட்டிலிருந்த தையல் டேப் திடீரென்று காணாமல் போய்விட்டதால் சாண் போட்டு அளந்தோம், அக்கா. மேலும் கீழும் இருக்கும் பலகைகளை நான் அளந்தேன். நடுப்பலகையை என் மகள் அளந்தாள். மூன்றும் சரியாக 8 சாண். கணக்கில் பிழையே இல்லை.

அக்கா: கணக்கில் இல்லை, விரலில் இருக்கிறது. சரி, இந்தத் தொய்வுக்கு என்ன செய்யப்போகிறாய்?

தம்பி: இரண்டு மடங்கு தடிமனுள்ள பலகை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா: தாராளமாக வாங்கலாம். அதே மரத்தில் பலகையின் தடிமன் இரட்டித்தால் தொய்வு 8-ல் ஒரு பங்காகிவிடும். ஆனால் அதைவிடக் குறைய வேண்டுமென்றால் காசே வேண்டாம். அடிக்கு இத்தனை புத்தகம் என்ற சுமை மாறாமல் தாங்கல்களுக்கு இடையிலுள்ள தூரம் மட்டும் இரட்டித்தால், தொய்வு இரண்டு மடங்கோடு நிற்காது, 16 மடங்காகும். அதையே திருப்பிப் போட்டுப் பார். நடுவில் இன்னோர் அடுக்கு எழுப்பி 6 அடியை 3 அடியாக்கினால், தொய்வு 16-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

தம்பி: அதற்குச் செங்கல் வேண்டுமே.

அக்கா: ஓர் அடுக்குக்கு எத்தனை கல் வைத்தாய்?

தம்பி: கீழ்ப்பலகைக்கு அடியில் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு நான்காக எட்டு, ஆக 9. இரண்டு அடுக்குக்கும் 18. வாங்கியது 30.

அக்கா: மீதி 12 எங்கே?

தம்பி: அவற்றின்மேல்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

(எழுந்திருக்கிறான். புத்தகங்களை எல்லாம் இறக்குகிறார்கள். அகராதியை இறக்கும்போது மட்டும் தம்பி இரண்டு முறை ஓய்வெடுக்கிறான்.)

அக்கா: ஓர அடுக்குகளையும் அரைக் கையகலம் உள்ளே தள்ளி வை. குட்டைப் பலகைக்கும் பிடிமானம் கிடைக்கும். நீளப் பலகைகளின் முனைகள் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் தொய்வைக் குறைக்கவே செய்யும். கல் பலகையைக் கீறாமலிருக்க நடுவில் பழைய அட்டையைப் போடு.

தம்பி: வளைந்த பலகையைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டால் என்ன? பள்ளம் மேடாகிவிடும்.

அக்கா: (வியந்து) இன்று நீ சொன்னதிலேயே உருப்படியான யோசனை இதுதான். நாளடைவில் புத்தகங்களின் பாரமே அந்த மேட்டை அமுக்கிவிடும்.

தம்பி: நான் விளையாட்டுக்குச் சொன்னேன்.

அக்கா: தெரியும். அதனால்தான் சரியாக இருக்கிறது.

(பலகைகளும் புத்தகங்களும் ஏறுகின்றன. அகராதி கீழ்த்தட்டுக்குப் போகிறது. அக்கா அலமாரியை மெல்ல அசைத்துப் பார்க்கிறாள்.)

அக்கா: பரவாயில்லை. வலது பக்கம் தரை பள்ளமாயிற்றே, அங்கேகூட ஆடவில்லை.

தம்பி: அடியில் முதல் நாளே முட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வேலையையாவது பாராட்டுங்கள்.

அக்கா: பாராட்டுகிறேன். இனி ஒன்றுதான் பாக்கி: குழந்தைகள் பிடித்து இழுத்தாலும் கவிழாமலிருக்க, மேல்பலகையை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும். துளையிடும் உயரத்தைச் சாணால் அளக்க முடியாது. கடைசியாக அந்த டேப்பை எங்கே பார்த்தாய்?

தம்பி: செங்கல் அடுக்கும்போது கையில்தான் வைத்திருந்தேன். வலது அடுக்கு ஆடியது. உடனே கையிலிருந்ததை எட்டாக மடித்து...

(இருவரும் வலது அடுக்கின் அடியைப் பார்க்கிறார்கள். செங்கல்லுக்கும் தரைக்கும் நடுவிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு நுனி எட்டிப்பார்க்கிறது. அதில் 150 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது.)

அக்கா: உன் மகளைக் கூப்பிடு. அவள் சாணே போதும்.