113-ஆம் பக்கத்தில் தொடங்கினால் கிழித்த புத்தகமா?

கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. நடுகற்களைப் பற்றிய மெல்லிய பிரதி. முதல் பக்கத்திலேயே 113 என்ற எண். ‘நூலகப் புத்தகத்தைக் கிழித்து அட்டை போட்டு விற்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊரைத் தருமபுரி மாவட்டம் என்று போட்டிருக்கிறதே, போலிதான்’ என்கிறது செய்தி.

இரண்டுமே தவறு. ஆய்விதழ் அச்சாகும்போதே ஒரு கட்டுரையை மட்டும் கூடுதலாகச் சில பிரதிகள் ஓட்டி, அட்டை போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து, எழுதியவருக்குக் கொடுப்பார்கள். இதுதான் ஆஃப்பிரிண்ட். அதே அச்சு என்பதால் பக்க எண்ணும் இதழில் உள்ளதுதான். முழு இதழைப் பார்க்காதவரும் சரியான பக்கத்தைச் சொல்லி மேற்கோள் காட்டலாம். சிலவற்றில் முந்தைய கட்டுரையின் கடைசி வரிகள்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் கிழிசல் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜெராக்ஸ் பரவாத காலத்தில் ஆய்வு ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் இப்படித்தான். அஞ்சலட்டை போட்டுக் கேட்பார்கள், தபாலில் வரும். பட்டாணிச் செடி ஆய்வு செய்த மெண்டலே 1866-இல் தன் கட்டுரைக்கு 40 பிரதிகள் வாங்கினார். சுற்றும் படத்தின் வலது மூலையை விரித்துப் பாருங்கள்: மங்கிய நீல மையில் ‘அன்பளிப்பு’, கீழே ஒரு கையெழுத்து. பரப்பியவர் இதைக் கவனிக்கவே இல்லை போலும்.

மாவட்டப் பெயருக்கு விளக்கம் இன்னும் எளிது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். படத்தில் உள்ள பிரதி 1980-களில் அச்சானது.