அந்த மயில்கழுத்து யாஷிகா பற்றி

இந்த விஷயத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்தப் பெண், குழுவில் போட்டிருந்த தன் கேமராவின் படத்தைத் தானே நீக்கிவிட்டாள் என்று தெரிந்ததும் பொறுக்க முடியவில்லை.

எந்தப் படம் என்று நம் பழைய கேமரா குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மயில்கழுத்து நிறத்தில் பெயிண்ட் அடித்த யாஷிகா-மேட் 124ஜி என்கிற பழைய ஜப்பானிய ஃபிலிம் கேமரா. அதன் கீழே வந்தவற்றையும் படித்திருப்பீர்கள். "கேமராவைக் கொன்னுட்டியேம்மா." "இனி காயலான் கடைக்குத்தான்." "மார்க்கெட் வேல்யூ மொத்தமும் போச்சு." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்தால் நெயில் பாலிஷ்தான் அடிக்கும்." அதற்கு எத்தனை சிரிப்பு முகங்கள்! சிரித்தவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும் என்பதுதான் வலிக்கிறது.

சரி, மதிப்பைப் பற்றியே பேசுவோம்.

124ஜி ஒன்றும் உலகத்தில் இரண்டே இரண்டு இருக்கிற பொருள் இல்லை. 1970 முதல் 1986 வரை தயாராகி, நம் ஊர் ஸ்டூடியோக்கள் உட்பட உலகம் முழுக்க விற்ற கேமரா. இன்றைக்கு ஒருவர் அதை வாங்க வந்தால் என்ன கேட்பார்? ஷட்டரின் ஸ்லோ ஸ்பீடு ஒழுங்காக ஓடுகிறதா, லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறதா, ஃபிலிம் சுற்றும் கைப்பிடி வழுக்குகிறதா, வெளிச்சம் அளக்கிற மீட்டர் உயிரோடு இருக்கிறதா. அந்த மீட்டருக்கான மெர்குரி பேட்டரி விற்பனையிலேயே இல்லை என்பது வேறு கதை. பெயிண்ட் இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். அவளுடைய கேமராவில் அந்தப் பெயிண்டும் மிச்சமில்லை. பரணில் கிடந்து, ரெக்சின் சுருங்கிச் சுருண்டு, ஓரமெல்லாம் அலுமினியம் பல்லை இளித்துக்கொண்டு வந்த பெட்டி அது. எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு சர்வீஸ் செய்தவன் நான்தான்.

ஒரு நொடி ஸ்பீடில் ஷட்டர் திறந்தால் மூடாது. லென்ஸின் பின்பக்கம் வலை பின்னியதுபோல் ஃபங்கஸ். அதையெல்லாம் நான் சரிசெய்தேன். வெளி வேலை முழுக்க அவள் செய்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி ரெக்சினைக் கிழியாமல் உரித்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அலுமினியத்துக்கென்றே உள்ள பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு மெல்லிசு மெல்லிசாக நிறம் ஏற்றினாள். யாஷிகா என்ற எழுத்தின் மேல் ஒரு துளி படவில்லை. முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து, "சார், முன் தகட்டைக் கழற்றி மாட்டினேன், ஃபோகஸ் மாறியிருக்குமா பாருங்க" என்றாள். ஃபிலிம் ஓடும் இடத்தில் பால்கண்ணாடியை வைத்து, ஷட்டரைத் திறந்து, தூரத்து செல்போன் கோபுரத்தைப் பார்த்தேன். நாம் பார்க்கிற மேல் லென்ஸும் படம் பிடிக்கிற கீழ் லென்ஸும் ஒன்றாகவே ஃபோகஸ் ஆயின. கேமராவைக் கொன்றுவிட்டாள் என்றவர்களில் ஒருவராவது தன் அலமாரியில் இருக்கிற கேமராவுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்ததுண்டா?

இன்னொன்று. அவள் அதை விற்கவில்லை. விற்கப்போவதாக எங்கேயும் சொல்லவில்லை. விற்காத பொருளுக்கு மார்க்கெட் வேல்யூ போச்சு என்று நீங்கள் ஏன் அழ வேண்டும்?

"விற்காவிட்டாலும் அது வரலாறு, வரலாற்றின் மேல் பெயிண்ட் அடிக்கலாமா" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். மரியாதையாகக் கேட்டதால் மரியாதையாகவே சொல்கிறேன். அபூர்வமான கேமரா என்றால் நானும் கையைப் பிடித்துத் தடுப்பேன். ஜெர்மன் கேமராவான லைக்கா எம்3 1954இல் வந்தது. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் தொழிற்சாலையிலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்து வந்தவை சொற்பம். பெயிண்ட் தேய்ந்து, மூலைகளில் பித்தளை தெரிகிற அந்தக் கறுப்பு எம்3-க்கு, சாதாரண குரோம் எம்3-யைவிடப் பல மடங்கு விலை. அதை யாராவது சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்தால் அது பாவம்தான், பணத்துக்கும் நஷ்டம்தான். அங்கே அந்தப் பழைய பெயிண்டுக்குத்தான் காசு. நம் யாஷிகாவில் யாரும் பெயிண்டுக்குக் காசு கொடுப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வரலாறு என்றதால் இதையும் கேளுங்கள். 1928இல் கோடக் 'வேனிட்டி கோடக்' என்று ஒரு கேமராவை ஐந்து நிறங்களில் விட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பறவையின் பெயர். பெண்களை மனதில் வைத்தே செய்தது. நீங்கள் கிண்டலாகச் சொன்ன அந்த நெயில் பாலிஷ் நிறங்களை, அந்தக் காலத்திலேயே ஒரு பெரிய கம்பெனி காசு போட்டுத் தயாரித்து விற்றது. இன்று அசல் நிறத்து பெல்லோஸோடு (லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மடிப்புத் துருத்தி) ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். 1957இல் ஜெர்மன் கம்பெனியான ரோலை தன் சின்ன ரோலைஃப்ளெக்ஸைச் சாம்பல் நிறத்தில் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த யாஷிகா 44 பல நிறங்களில் கிடைத்தது. ஆமாம், அதே யாஷிகா! கம்பெனிக்கே இல்லாத கூச்சம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்து, "இப்படி ஊக்குவித்தால் நாளைக்கு ரேர் எடிஷன் என்று சொல்லி எவனாவது தலையில் கட்டுவான்." வந்த ஆட்சேபங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். ஏமாற்று நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1929இல் வந்த தங்கமுலாம் 'லைக்கா லக்சஸ்' பெயரில், சோவியத் காலத்து ஃபெட், ஸோர்க்கி கேமராக்களுக்கு முலாம் பூசி, லைக்கா என்று பொறித்து விற்கிறார்கள். குரோம் எம்3-யைக் கறுப்பாக்கி அசல் கறுப்பு என்று விற்கிறவர்களும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சீரியல் எண்ணைத் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஆனால் கவனியுங்கள். ஏமாற்றுகிறவன் அடிப்பது கறுப்பும் தங்கமும். அசலைப் போலவே இருந்தால்தான் அவன் பிழைப்பு ஓடும். மயில்கழுத்து நிறத்தில் 124ஜி-யைப் பார்த்து, இது ஜப்பானில் இப்படியே வந்தது என்று எந்த ஏமாளியும் நம்பப்போவதில்லை. பெயிண்ட் வேலைகளிலேயே யோக்கியமானது இந்த மாதிரி வித்தியாசமான நிறம்தான். 'என்னை மாற்றியிருக்கிறார்கள்' என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. போன பொங்கல் சமயத்தில் இதே குழுவில் ஒருவர் தன் குரோம் கேமராவை முழுக்க உரித்துக் கறுப்படித்துப் படம் போட்டார். பெயர் வேண்டாம். "தலைவா, கிளாசிக்", "என்ன ஒரு ஃபினிஷ்" என்று கொண்டாடினீர்களே? அப்போது வரலாறு எங்கே போனது? வேல்யூ எங்கே போனது? ஆண்பிள்ளை கறுப்படித்தால் ரசனை, கல்லூரியில் படிக்கிற பெண் மயில்கழுத்து அடித்தால் கொலை. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

என் தாய்மாமா சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய டிஎல்ஆரில், அதாவது இதே மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவில், ஃபிளாஷ் குறி தெரிய வேண்டும் என்று அத்தையின் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தார். அடிப்பக்கம் ஸ்டூடியோ பெயரை ஆணியால் கீறியிருந்தார். கல்யாண வீட்டில் கேமரா மாறிப் போய்விடக் கூடாதல்லவா. கிழிந்த ரெக்சினுக்கு மேல் சைக்கிள் சீட் தைக்கிறவரிடம் வாங்கிய துணி. எந்தச் சேகரிப்பாளரும் அதைத் தொட்டிருக்க மாட்டார். அந்த ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் தொங்கிய கல்யாணப் படங்கள் அதில் எடுத்தவை. மாமா போன பிறகு, வீட்டில் இருந்தவர்கள் அதைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அதை எடுத்து நீலமோ பச்சையோ அடித்து வைத்துக்கொள்ள ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்திருந்தால் அதன் காலில் விழுந்திருப்பேன்.

பழைய கேமராவுக்கு எமன் பெயிண்ட் டப்பா இல்லை. பரணும் ஈரமும் அலட்சியமும்தான். ஒரிஜினாலிட்டி பேசுகிற உங்களில் எத்தனை பேர் இந்த வருஷம் ஒரு ரோல் ஃபிலிம் போட்டீர்கள்? 120 ஃபிலிம் விற்கிற விலையில் பன்னிரண்டு படத்துக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் டியூஷன் எடுத்து வருகிற காசில் போடுகிறாள். அவள் எடுத்த படங்களையும் அதே பதிவில் போட்டிருந்தாள். தன் பாட்டி முறத்தோடு உட்கார்ந்திருக்கிற படம், கண்ணிமை வரை அவ்வளவு கூர்மை. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

இன்று காலை போன் செய்தாள். "சார், திரும்பக் கறுப்பாக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும், ஆனால் என் கையால் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குழுவில் அந்த நெயில் பாலிஷ் வாக்கியத்தை எழுதியவர் அதை நீக்கிவிட்டு, அவளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அட்மின்கள் கேட்க வைக்க வேண்டும். அதுவரை குழுவில் யாருக்கும் நான் சர்வீஸ் பற்றிப் பதில் சொல்லப்போவதில்லை.