லாராவின் சாவை விடுங்கள், கட்டுரைகளைப் படியுங்கள்

மரியானோ ஹோசே தே லாரா என்று பேச்செடுத்தாலே, காதலி உறவை முறித்துக்கொண்டதும் 27 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட ஸ்பானிய ரொமாண்டிக் எழுத்தாளர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம். அவருடைய முக்கியமான எழுத்தில் பெரும்பகுதி உள்நாட்டுப் போரின் நடுவில், தணிக்கையாளரின் மேசையைத் தாண்டி வந்தது. அதைப் பேச ஆளில்லை.

1833 செப்டம்பர் 29 அன்று மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ இறந்தார். மகள் இசபெலுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பெண் ஆளக் கூடாது, அரியணை எனக்கே என்று கிளம்பினார் சித்தப்பா தொன் கார்லோஸ். மேலோட்டமாகப் பார்த்தால் அரண்மனைப் பங்காளிச் சண்டை. உள்ளே, பழைய முடியாட்சியும் மடங்களும் ஒரு பக்கம், இசபெலின் அரியணையை ஆதரித்த தாராளவாதிகள் மறுபக்கம். லாரா தாராளவாதி. அதில் அவர் ஒருநாளும் மழுப்பியதில்லை.

போர் தொடங்கிய அதே அக்டோபரில் ‘ஃபிகாரோ’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். பிரான்ஸிலிருந்து வரும் பயணிகளை விட்டோரியா நகர வாசலில் கார்லிஸ்ட் (தொன் கார்லோஸ் தரப்பு) துறவிகள் மறித்துப் பெட்டியைக் குடைகிறார்கள். ஒரு புத்தகத்தில் ‘ரெஷெர்ஷ்’ என்று போட்டிருக்கிறது. பிரெஞ்சில் ‘ஆய்வுகள்’ என்று அர்த்தம். துறவியோ, ரெஷெர்ஷ் என்பவன் யாரோ மதத்துரோகி என்று முடிவு கட்டிப் புத்தகங்களை நெருப்பில் போடச் சொல்கிறார். கடிகாரத்தில் ‘லண்டன்’ என்று இருக்கிறது. அது செய்தவன் பெயராம்.

இது எதிரியைப் பற்றிய கிண்டல், தணிக்கையாளர் ஏன் தடுக்கப்போகிறார்? சொந்தத் தரப்பைக் கேள்வி கேட்கும்போதுதான் கஷ்டம். 1834 ஜனவரி 4 விதிகளின்படி அரசியல் பத்திரிகைக்கு முன்தணிக்கை உண்டு. மாட்ரிட்டில் பத்திரிகை நடத்த 20,000 ரியால் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். அது எவ்வளவு பெரிய தொகை? பின்னாளில், புகழின் உச்சியில், ‘எல் எஸ்பஞோல்’ நாளிதழ் வாரம் இரண்டு கட்டுரைக்காக லாராவுக்குப் பேசிய முழு வருடச் சம்பளமே 20,000 ரியால்தான். அரசு பத்திரிகையை மூடினால் எழுதியவனோடு முதல் போட்டவனும் தெருவில் நிற்பான்.

தணிக்கையாளர் வெட்டிய இடத்தில் வேறு எதையாவது போட்டு நிரப்பிவிட்டால், வெட்டு நடந்ததே வாசகருக்குத் தெரியாது. 1834 மார்ச் 7 அன்று கவிஞர் எஸ்ப்ரொன்செதாவும் நண்பர்களும் நடத்திய ‘எல் சிக்லோ’ நிரப்ப மறுத்தது. ஐந்து தலைப்புகளை மட்டும் அச்சிட்டு, கீழே பத்திகளை வெறுமையாக விட்டது. அரசு பத்திரிகையையே மூடிவிட்டது. லாரா உடனே அதைப் பற்றி எழுதினார். சிக்லோ என்றால் நூற்றாண்டு. வெற்று சிக்லோ என்று அவர் வைத்த தலைப்பு, எழுதப்படாத அந்த நூற்றாண்டையே சுட்டியது. அக்டோபரில் இன்னொரு வழி: தணிக்கைச் சட்டத்தின் பிரிவை அப்படியே எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்படிவதாகப் பயபக்தியோடு உறுதியளித்தார். எதையெல்லாம் எழுதக்கூடாது என்ற பட்டியல் முழுவதும் அச்சில் வந்துவிட்டது. அரசே போட்ட சட்டத்தை அரசின் ஆள் எப்படி வெட்டுவார்?

1836 பிப்ரவரியில் தாராளவாதப் படை தொர்தோசாவில் கார்லிஸ்ட் தளபதி கப்ரேராவின் தாயைச் சுட்டுக் கொன்றது. நம் ஆட்கள் செய்தது என்று லாரா வாயை மூடிக்கொள்ளவில்லை, எழுதினார். அதே மாதம் தாராளவாதப் பிரதமர் மெந்திசாபலின் அரசு மடங்களின் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பணம் வேண்டும், கடன் அடைய வேண்டும். ஏலம் என்றால் காசுள்ளவன் வாங்குவான், குத்தகைக்காரன் குத்தகைக்காரனாகவே கிடப்பான் என்றார் எஸ்ப்ரொன்செதா. லாரா மே மாதம் எஸ்ப்ரொன்செதாவின் அந்த வாதத்தை வலுவாக ஆதரித்தார். நிலம் கிடைக்காத விவசாயி எதற்காக இந்த அரசுக்காகச் சாக வேண்டும்? அவர் எழுதியதிலேயே கூர்மையான அரசியல் கட்டுரை அதுதான் என்பேன்.

சறுக்கவும் செய்தார். மெந்திசாபல் மீதிருந்த கோபத்தில், அடுத்து வந்த மிதவாத இஸ்தூரிஸ் அரசின் ஆதரவோடு ஆவிலா தொகுதியில் நின்று ஜெயித்தார். ஆகஸ்ட் 12 அன்று லா கிராங்ஹா அரண்மனையில் சார்ஜெண்டுகள் கலகம் செய்து, குழந்தை இசபெலுக்காக ஆட்சிப் பொறுப்பிலிருந்த தாய் ராணியை, தாராளவாதிகளின் 1812 அரசியலமைப்பை ஏற்கவைத்தார்கள். தேர்தல் செல்லாமல் போனது. அவர் நாடாளுமன்றத்துக்குள் காலே வைக்கவில்லை.

நவம்பரில், கல்லறைத் திருநாள். மாட்ரிட்வாசிகள் ஊருக்கு வெளியே கல்லறைகளுக்குப் போகிறார்கள். லாராவோ கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் கல்வெட்டு வாசிக்கிறார். அமைச்சகங்களின் முன்னால்: “இங்கே பாதி ஸ்பெயின் உறங்குகிறது, மறுபாதி அதைக் கொன்றது.” கடைசியில் தன் நெஞ்சைப் பார்க்கிறார், அங்கேயும் ஒரு கல்லறை, உள்ளே நம்பிக்கை.

1837 பிப்ரவரி 13 அன்று இறந்தார். அன்று காதலி வந்து போனது உண்மைதான். ஆனால் மூன்று மாதம் முன்னால் அச்சான அந்தக் கட்டுரையைத் தள்ளிவைத்துவிட்டுக் காதல் ஒன்றே காரணம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியாது. இரண்டு நாள் கழித்து நடந்த அடக்கத்தில் 20 வயதுகூட ஆகாத கவிஞர் சோரில்லா கவிதை வாசித்துப் புகழ்பெற்றார். காதல் புராணமும் கூடவே வளர்ந்தது. வடக்கில் போர் முடிய 1839 ஆகஸ்ட் ஆனது.

புதிதாகப் படிப்பவர்கள் விட்டோரியா துறவிகளில் தொடங்குங்கள். அடுத்து வெற்று சிக்லோ, பிறகு மே 1836 கட்டுரை. கல்லறைத் திருநாளைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே படித்தால் அது வெறும் சோகமாகத்தான் தெரியும்.