சின்னம்மாவின் மணியார்டர் ஏன் திரும்பி வந்தது

போன வருடம் எங்கள் சின்னம்மா ஆயிரம் ரூபாய் மணியார்டர் அனுப்பினார். ரிமாண்டில் இருந்த மகனுக்கு. பாலக்கோடு பக்கம் தோட்டத்தில் தக்காளி பறித்துச் சேர்த்த காசு. கட்டணம் தனியாக ஐம்பது ரூபாய். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தபால்காரர் வந்து, "அந்தப் பேர்ல அங்க ஆள் இல்லையாம்க்கா, திரும்பிடுச்சு" என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் இல்லை என்றால் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? அன்று ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் நான் போய் விசாரித்தேன். தம்பியை மாவட்டம் தாண்டி வேறொரு சிறைக்கு மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

கைது செய்தால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சொல்லிவிட்டது. சிறை மாற்றும்போதும் அப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன? கேஸ் சிலிண்டர் கிளம்பினால்கூட நம் போனுக்குச் செய்தி வருகிறது. பெற்ற பிள்ளை எந்தச் சுவருக்குள் இருக்கிறான் என்பது ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?

விதிகள் இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள், சரி. பணத்தைக் கையில் கொடுக்காமல் அவன் பேரில் பி.சி.பி. கணக்கில் (கைதியின் சொந்தப் பணத்துக்கான சிறைக் கணக்கு) வைத்து, கேண்டீனில் சோப்பு, பிஸ்கெட் வாங்கக் கழித்துக்கொள்வார்கள், அதுவும் சரி. கையில் காசு புழங்கினால் உள்ளே அடிதடிதான். ஆனால் அந்த விதிகளைத் தமிழில், பெரிய எழுத்தில், வாசலில் ஒட்டுங்கள். சின்னம்மா ஒருமுறை நாடா வைத்த பேண்ட் எடுத்துப் போய், அது ஆகாது என்று திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போயிற்று. தீர்ப்பு வராத விசாரணைக் கைதி வெளியிலிருந்து சாப்பாடு, துணி, படுக்கை பெறலாம் என்று 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது, சோதனைக்கு உட்பட்டு. எது ஆகும் எது ஆகாது என்று முன்னாலேயே தெரிந்தால் அந்த அம்மா ஏன் அலையப் போகிறார்?

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மணியார்டரோ கடிதமோ, பேரோடு அப்பா பேரும், உள்ளே கொடுத்த எண்ணும் எழுதுங்கள். ஒரே சிறையில் நாலு முருகன் இருப்பான். கடிதத்துக்குள் நோட்டை மடித்து வைக்காதீர்கள். எவ்வளவு பணம் வரை ஏற்பார்கள் என்பதை முதல் மனு பார்க்கும் அன்றே, அதாவது சிறையில் போய் அவனை நேரில் பார்க்கும் அன்றே, கேட்டுவிடுங்கள். கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். "எனக்கு உள்ளே ஆள் தெரியும், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று வாசலில் நிற்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் ஐந்நூறு அப்படித்தான் போனது. வழக்கைப் பற்றி, சாட்சியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட வேண்டாம். அதெல்லாம் வக்கீலிடம். வக்கீலுக்கு வழியில்லை என்றால் 15100-க்குப் போன் போடுங்கள், இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

கடிதம் என்றால் பலரும் சும்மா நினைக்கிறார்கள். திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதைக் கடிதமாக எழுதினார். அதையே வழக்கு மனுவாக ஏற்று 1979-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதினார். சிறையிலிருந்து வெளியே வரும் ஒரு தாளுக்கு அவ்வளவு பலம் உண்டு. உள்ளே போகும் தாளுக்கு வேறு மாதிரிப் பலம். மாடு கன்று போட்டது, மழை வந்தது, தக்காளி விலை ஏறியது, பாப்பா மூன்றாம் வகுப்பு போகிறாள் என்று எழுதுங்கள். தம்பி வெளியே வந்தபோது சட்டைப் பையில் இருந்தவை பழைய இன்லேண்ட் லெட்டர்கள்தான். மடிப்பில் எல்லாம் கிழிந்திருந்தன.

இன்னொன்று, கூச்சம். கவுண்டரில் சிறை முகவரியை வாய்விட்டுச் சொல்லச் சின்னம்மாவால் முடியவில்லை. சீட்டில் எழுதி நீட்டினார். நம் பாப்பாரப்பட்டியில் நினைவிடம் கட்டிக் கும்பிடுகிறோமே சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, அவரும் 1908 முதல் 1912 வரை சிறையில் கிடந்து, தொழுநோயோடு வெளியே வந்தவர்தான். அவர் போன காரணம் வேறு, எங்கள் தம்பி போன காரணம் வேறு, தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு உடம்பு, வெளியே காத்திருப்பது ஒரு அம்மா. இதில் வித்தியாசம் இல்லை.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் யாருக்காவது படிவம் நிரப்பவோ முகவரி எழுதவோ தெரியாவிட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். எண் எழுதிய சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.